முலைக்காம்பு வெடிப்புக்குக் கொழும்பில் கிடைக்கும் மருந்துகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

வெள்ளவத்தை காலி வீதியில் ஏதாவதொரு பெரிய பாமசிக்குப் போய், பால் கொடுக்கும்போது காம்பு வெடித்து நோகிறது என்று சொன்னால் மேசையில் மூன்று நாலு சாமான் வந்துவிடும். இறக்குமதி லனோலின் (ஆட்டு மயிர் மெழுகு) டியூப், காம்பின்மேல் போடும் சிலிக்கன் ஷீல்ட், ஒருமுறை பாவித்து எறியும் பிரெஸ்ட் பேட், சில இடங்களில் மூலிகை பட்டர் என்று ஒரு சின்ன டப்பா. வீட்டுக்கு வந்தால் அம்மம்மா தேங்காய் எண்ணெய் என்பா, மாமி நெய் என்பா, பக்கத்து வீட்டு அக்கா தேயிலைப் பையைச் சொல்லுவா. எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வதெல்லாம் ஒரே தரம் இல்லை. சில வைத்தியங்கள் பிள்ளைக்கே ஆபத்தானவை.

உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: தூள் உப்பு, தாயின் சொந்தப் பால், அதற்கும் மேல் வேண்டுமென்றால் நல்ல தேங்காய் எண்ணெய் அல்லது லனோலின், இரண்டில் ஒன்று. இவை புண்ணை ஆற விடும். புண் ஏன் வருகிறதோ அதை இவை எதுவும் மாற்றாது. பெரும்பாலான வெடிப்புக்குக் காரணம் பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதம். அதைத் திருத்தாமல் எந்த டியூப்பை வாங்கினாலும் அடுத்த முறை பால் கொடுக்கும்போது அதே இடம் மறுபடி கிழியும்.

பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியது

முதல் வாரத்தில் பிள்ளை வாய் வைத்த முதல் அரை நிமிடம் சுரீரென்று இழுப்பது வழமை. அது அடங்காமல் குடித்து முடியும்வரை நொந்தால் பிடி சரியில்லை. வாயை எடுத்த உடனே காம்பைப் பாருங்கள். உருண்டையாக, சற்று நீண்டு வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக்கின் முனைபோல ஒரு பக்கம் சரிந்து நசுங்கி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் பிள்ளை காம்பை மட்டும் சப்புகிறது. நாக்குக்கும் கடினமான மேலண்ணத்துக்கும் நடுவில் அது நசிபடுகிறது. ஆழமாகப் பிடித்தால் காம்பு மென்மையான அண்ணம் தொடங்கும் இடம்வரை உள்ளே போய்விடும். அங்கே அதை நசிக்க எதுவும் இல்லை.

முதுகு சாயக்கூடிய கதிரையில் இருந்து, காலைத் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். காம்புக்கு நேரே வர வேண்டியது பிள்ளையின் மூக்கு. வாயை நேரே வைத்தால் பிள்ளை தலையைக் குனிந்து நுனியை மட்டும் கவ்வும். மூக்கு நேரே இருந்தால் தலையைச் சற்று நிமிர்த்தி வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பை வாய்க்குள் திணிக்கக்கூடாது. முதலில் நாடி வந்து மார்பில் முட்டட்டும். சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே பிரண்டிருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதி மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும்.

உதவிக்கு நிற்பவர்கள் பிள்ளையின் பின்தலையைப் பிடித்து மார்போடு அமுக்குவது எங்கள் வீடுகளில் அடிக்கடி நடக்கும். தலை அமுங்கினால் பிள்ளை பின்னுக்குத் தள்ளும், பிடி நழுவி நுனிக்கு வந்துவிடும். கை கழுத்துக்கும் தோளுக்கும் கீழே இருந்தால் போதும். நொந்தாலும் பிள்ளையை அப்படியே இழுத்து எடுக்காதீர்கள். கழுவிய சின்ன விரலை வாயோரமாக முரசுகளுக்கு இடையில் விட்டால் காற்றுப் புகுந்து பிடி விடும், பிறகு எடுத்து மறுபடி வைக்கலாம். மார்பு கல்லுப்போலக் கட்டியிருந்தால் கறுப்புப் பகுதி இளகும்வரை கையால் கொஞ்சம் பீச்சிவிட்டுக் கொடுங்கள். நோ குறைந்த பக்கத்தில் தொடங்குவதும் நல்லது, ஏனென்றால் பசி வேகத்தில்தான் பிள்ளை இழுத்துச் சப்பும்.

இவ்வளவும் செய்தும் நசுங்கிய காம்புதான் வருகிறதென்றால் பிள்ளையின் நாக்கு கீழே கட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையிலும் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. பயிற்சி பெற்ற தாதி பக்கத்தில் இருந்து பிடியைத் திருத்தித் தருவா. உங்கள் பகுதி மிட்வைஃப்பும் பிள்ளை பிறந்த முதல் 10 நாளுக்குள்ளேயே வீட்டுக்கு வர வேண்டியவர். வரவில்லையென்றால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு ஒரு கோல் எடுங்கள். இந்தக் குறிப்பில் வரும் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்தச் சேவைதான். ஆனால் வலி பொறுக்க முடியாமல் பால்மாவுக்கு மாறிய பிறகுதான் பலர் அங்கே போகிறார்கள்.

வீட்டில் இருப்பவை

தாய்ப்பாலையே பூசுவது காசில்லாத வைத்தியம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கொக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மீளாய்வு 656 தாய்மார் பங்குபற்றிய 4 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. லனோலின், கிளிசரின் ஜெல் போன்றவை திட்டவட்டமாக உதவுகின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் அதற்குக் கிடைக்கவில்லை. ஒன்றும் பூசாமல் விடுவதோ சொந்தப் பாலைப் பூசுவதோ, குறுகிய காலத்தில் லனோலினுக்குச் சமமாக அல்லது அதைவிடக் கூடப் பலன் தரலாம் என்றது. எதைப் பூசினாலும் பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை பிறந்து 7 முதல் 10 நாளில் நோ நன்றாகக் குறைந்துவிடுகிறது என்பதும் அதில் உண்டு. கிறீம் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். செய்ய வேண்டியது இதுதான்: பிள்ளை குடித்து முடிந்ததும் கையால் நாலைந்து துளி பீச்சி, காம்பைச் சுற்றித் தடவி, இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட விடுங்கள். பூஞ்சைத் தொற்று இருந்தால் மட்டும் இது சரிவராது. அப்போது காம்பைத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் வெடித்த காம்புக்கு மிக நல்லது. அளவுதான் முக்கியம். கொதித்து ஆறிய 330 மில்லிலீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி தூள் உப்பு, அதாவது 3 கிறாம் அளவு. இது உடம்பிலுள்ள நீரின் உப்புச் செறிவுக்கு, கிட்டத்தட்ட 0.9 வீதத்துக்கு, ஒத்துவரும். கல்லுப்புக் கரண்டியில் வேறு அளவில் நிற்கும், அதனால் தூளே எடுங்கள். கூட்டிப் போட்டால் தோலிலிருந்து நீரை இழுத்து வெடிப்பு ஆழமாகும். சின்னக் கோப்பையில் வெதுவெதுப்பாக எடுத்து, குனிந்து காம்பை ஒரு நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். அதற்கு மேல் ஊறவிட்டால் தோல் வெளுத்து மெத்திவிடும். பிறகு வெறும் கொதித்தாறிய தண்ணீரால் அலசிச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். நாளுக்கு மூன்று நாலு தடவை போதும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரைக்க வேண்டும்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். அம்மம்மா சொல்வது பிழையில்லை, ஆனால் எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. தலைக்கு வைக்கும் போத்தல் ஒருபோதும் வேண்டாம். அதில் வாசனையும் மூலிகைச் சாறும் சேர்ந்திருக்கும். நிறுத்து விற்கும் சில்லறை எண்ணெயும் வேண்டாம். 2021 மார்ச்சில் இறக்குமதி எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே பேசியது மறந்திருக்காது. பிள்ளையின் வாய்க்குள் போகும் சாமான் இது. சாப்பிடத் தகுந்த, மூடி முத்திரை உடையாத வேர்ஜின் எண்ணெய் 100 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று எடுத்தால் மாதக் கணக்கில் வரும். வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயும் நல்லதுதான், அடியில் ஈரம் நிற்காமல் வடித்திருந்தால். ஈரம் நின்றால் சில நாளில் காறல் மணம் வரும். அந்த மணம் வந்த எண்ணெய் தோலை எரிக்கும், எறிந்துவிடுங்கள்.

கொழும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழேதான் உறையும், ஆகவே இங்கே பெரும்பாலும் தண்ணீராகவே நிற்கும். பூசினால் வழிந்து சட்டைக்குப் போகும். ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். உறைந்ததை உலர்ந்த கரண்டி நுனியால் ஒரு மிளகு அளவு கிள்ளி எடுத்தால் காம்பில் பட்டதும் உருகிப் படியும், குளிர்ச்சியாகவும் இருக்கும். விரலை உள்ளே விடாதீர்கள். அடுத்த முறை பால் கொடுக்க முன் மினுங்கும் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். காம்பு வழுக்கினால் பிள்ளை நுனிக்குச் சறுக்கும், பழைய பிரச்சினை திரும்பி வரும்.

லனோலின் டியூப்

லன்சினோ, மெடெலாவின் பியூரலான் இரண்டும் லனோலின் மட்டுமே உள்ளவை. வேறு சேர்க்கை இல்லை, பால் கொடுக்க முன் துடைக்கவும் தேவையில்லை. ஆட்டு மயிரைக் கத்தரித்துக் கழுவும்போது பிரியும் மெழுகு இது, ஆட்டைக் கொன்று எடுப்பதில்லை. சைவ வீடுகளில் இந்தக் கேள்வி வரும் என்பதால் சொல்லி வைக்கிறோம். விலை சில ஆயிரம் ரூபாய். பியூரலானில் 37 கிறாமும் 7 கிறாமும் உண்டு, சின்னது கிடைத்தால் அதையே எடுங்கள். வெடிப்பு ஆறும் காலத்துக்கு அது தாராளம்.

பாவிப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். டியூப்பிலிருந்து வரும்போது அது பசைபோல இறுக்கமாக இருக்கும், ஏசி அறையில் இன்னும் இறுகும். அப்படியே தேய்த்தால் வெடிப்பு விரியும். மிளகு அளவு எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டி இளக்கி, காம்பின்மேல் ஒற்றி வையுங்கள். மெல்லிய மினுக்கம் தெரிந்தால் போதும். தடிப்பாக அப்பினால் எங்கள் புழுக்கத்தில் வியர்வையும் பாலும் உள்ளே அடைபட்டுத் தோல் வெளுத்து ஊறும். காய்ந்து வெடிக்கும் காம்புக்கு லனோலின் பொருந்தும், ஊறி நைந்த காம்புக்குப் பொருந்தாது. அதற்கு வேண்டியது காற்று. கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் முன்கையில் ஒரு நாள் பூசிப் பாருங்கள். துணியில் கறை பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூலிகை பட்டர் டப்பாக்களுக்கு ஒரே அளவுகோல்: சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். வாசனை, மென்தோல், மரக்கச் செய்யும் லிக்னொகேன் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். "பால் கொடுக்க முன் கழுவவும்" என்று எழுதியிருந்தாலும் அப்படியே. நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கும் தாய் அத்தனை தடவையும் காம்பைத் தேய்த்துக் கழுவினால் பூசியதில் வந்த நன்மையைவிடக் கழுவியதில் வரும் கேடு பெரிது. சவர்க்காரம், டெட்டோல், ஸ்பிரிட் எல்லாவற்றுக்கும் இதே பதில். காம்பைச் சுற்றியுள்ள சின்ன முடிச்சுகள் சுரக்கும் எண்ணெயை அவை எடுத்துவிடும்.

கபோஸ் லேன் சரக்குகள்

புறக்கோட்டை கபோஸ் லேனில் மூலிகைச் சரக்குக் கடைகள் வரிசையாக உண்டு. பிள்ளைப்பெற்ற வீட்டுக்குக் காயச் சரக்கு வாங்கப் போகிறவர்கள் காம்புக்கும் ஏதாவது கேட்பார்கள். அங்கே கிடைப்பதில் காம்புக்கு வேண்டியது ஒன்றுமில்லை. மஞ்சள்தூள் வெடிப்புக்குள் மணலாக நிற்கும், நிறத்துக்காக எதைக் கலந்திருப்பார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. வேப்பெண்ணெய் உள்ளே போனால் பச்சைப் பிள்ளைக்கு நஞ்சு. பால் மறக்கச் செய்யப் பூசுவதும் அதைத்தான். ஆமணக்கெண்ணெய் பேதியாக்கும். கற்றாழையை வெட்டினால் வரும் மஞ்சள் பாலும் அப்படியே. அதை வடித்துக் கழுவி நடுச்சோற்றை மட்டும் எடுத்தாலும் கசப்பு மிஞ்சும், பிள்ளை முகத்தைத் திருப்பும். சுத்தமான நெய்யால் கெடுதல் இல்லை, ஆனால் தேங்காய் எண்ணெய் செய்யாத எதையும் அது செய்யாது.

தேன் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. புண்ணை ஆற்றும் குணம் தேனுக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அதில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், 12 மாதம் நிறையாத பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சாகி உடம்பைத் தளரச் செய்யும். கழுவினாலும் வெடிப்புக்குள் மிச்சம் நிற்கும். எவ்வளவு சுத்தமான மலைத்தேன் என்றாலும் காம்பில் வேண்டாம்.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கான வைத்தியம். 1988இல் வெளியான ஆய்வொன்று அதைப் பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது, இரண்டும் பாலைக் குறைத்தன. நோ தாங்காமல் இருக்கும் தாய்க்கு யாராவது பூக்கட்டச் சொன்னால், தொடர்ந்து பால் கொடுக்க விரும்புகிறவர் மறுத்துவிட வேண்டும். கோவா இலை பால் கட்டிய வீக்கத்துக்கு இதமாக இருக்கும், வெடிப்புக்கு அல்ல. தேயிலைப் பையின் துவர்ப்பு தோலை இறுக்கிக் காய்ச்சும், காய்ந்த தோல் மறுபடி வெடிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

பாமசித் தட்டில் உள்ள கருவிகள்

ஷீல்ட் என்பதும் ஷெல் என்பதும் வேறு. கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். ஷெல் என்பது துணி உரசாமல் காம்பை மூடி வைக்கும் காற்றோட்டமான கிண்ணம். இரண்டு பாலுக்கு இடைப்பட்ட நேரத்தில் போடலாம், இரவில் போட்டுப் படுத்தால் அமுங்கிப் பால் கட்டும். அதில் சேரும் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஷீல்ட் என்பது பால் கொடுக்கும்போதே காம்பின்மேல் போடும் மெல்லிய சிலிக்கன். 16, 20, 24 மில்லிமீற்றர் என்று அளவுகள் உண்டு. அளவு தவறினால் பிள்ளைக்குப் பால் குறையும், காம்பும் உள்ளே உரசும். தாதி அளந்து கொடுத்தால் மட்டும் வாங்குங்கள், பிள்ளையின் நிறையையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோஜெல் பேட் குளிர்ச்சி தரும். கிறீம் பூசிய காம்பில் அது ஒட்டாது, தொற்று இருந்தால் போடவும் கூடாது. காம்பின்மேல் கவிழ்த்து வைக்கும் வெள்ளிக் கிண்ணம் கேட்கும் விலைக்குத் தகாது.

பிளாஸ்டிக் அடி வைத்த பேட்களைவிடப் பழைய வேட்டித் துணி நல்லது. 12 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, நாலு வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் தையுங்கள். ஒரு டசின் இருந்தால் ஒவ்வொரு பாலுக்கும் மாற்றலாம். துணி காய்ந்து காம்பில் ஒட்டினால் பிய்க்காமல் தண்ணீரால் நனைத்து எடுங்கள். பம்ப் பாவிக்கிறவர்கள் புனலின் அளவையும் பாருங்கள். பல பம்புகளோடு வரும் 24 மில்லிமீற்றர் எல்லாருக்கும் பொருந்தாது. பெரிதாக இருந்தால் கறுப்புப் பகுதியும் சேர்ந்து உள்ளே இழுபட்டு வீங்கும்.

பூச்சு வேலை செய்யாத இடங்கள்

பிடி சரியாக இருந்தும், பால் கொடுத்து முடிந்த பிறகும் மார்புக்குள் எரிவு நின்றால், காம்பு மினுங்கிச் சிவந்தால், பிள்ளையின் வாய்க்குள் துடைத்தும் போகாத வெள்ளைப் படை இருந்தால், பூஞ்சையாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். பிள்ளையின் வாய்க்குப் பூசும் மைக்கோனசோல் ஜெல் 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடும், தானாக வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீரொயிட், அன்ரிபயோற்றிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த கிறீமைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசவும் வேண்டாம்.

பிள்ளை வாயை எடுத்ததும் காம்பு வெளிறி, பிறகு நீலமாகிச் சிவந்து குத்தினால் அது குளிரில் இரத்தக் குழாய் சுருங்குவது. ஏசிக் காற்று நேரே படும் கட்டிலில் பால் கொடுப்பவர்களிடம் இதைக் காணலாம். ஏசியைக் குறைத்து, உடனே மார்பை மூடி, காய்ந்த சூட்டுத் துணியை வையுங்கள். காற்றுப்பட விடும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது.

ஒரு பக்கம் தொடவே முடியாதென்றால் அந்தப் பக்கத்துக்கு 12 முதல் 24 மணித்தியாலம் ஓய்வு கொடுத்து, வழமையாகப் பால் கொடுக்கும் நேரங்களில் கையால் பீச்சிச் சின்னக் கப்பால் பருக்குங்கள். பாலில் சிறிது இரத்தம் கலந்தால் பிள்ளைக்குக் கேடில்லை. தாய்க்கு ஹெப்படைற்றிஸ் சி இருந்தால் மட்டும், இரத்தம் நிற்கும்வரை கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். மஞ்சள் பொருக்கு, சீழ் வந்தால் வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்துங்கள்.

மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே டொக்டரிடம் போக வேண்டும். கட்டியை அமுக்கித் தேய்க்காதீர்கள், வீக்கம் கூடும். குளிர்ந்த துணி வைத்து, பிள்ளை கேட்கும்போது வழமைபோலப் பால் கொடுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும், மே முதல் ஜூலை வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும் முக்கியமாக. இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஐபுபுரூபன், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகள் எடுக்கக்கூடாது. பரசிற்றமோல் 500 மில்லிகிறாம் மாத்திரை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் இல்லை. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்பதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் முதல் 6 வாரத்தில் வரும் காய்ச்சலுக்கு மார்பைத் தவிரக் கர்ப்பப்பையையும் தையலையும் பார்க்க வேண்டியிருக்கும்.